‘காலண்டர் ஓவியம்’ என்னும் வசைச்சொல்

1939ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ என்னும் இடதுசாரி இதழில் ‘அவான்கார்டும் கிட்ச்சும்’ என்ற கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் க்ளெமென்ட் கிரீன்பெர்க். அப்போது அவருக்கு வயது 30. பிழைப்புக்குச் சுங்கத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அமெரிக்க ஓவிய விமர்சனத்தின் அசைக்க முடியாத பெயராக அவர் ஆனதற்கு அந்தக் கட்டுரையே முதற்படி. இன்று இந்தியாவில் கலை வரலாறு, பண்பாட்டு ஆய்வு, ஒப்பிலக்கியம் எனப் பல துறைகளின் பாடத்திட்டங்களில் அது இடம்பெறுகின்றது. பயில்வோர் எல்லோரும் ஒரு செய்தியை மட்டும் மறவாமல் எடுத்துச் செல்கின்றனர்: முன்னணிக் கலை, கலை உருவாகும் செயல்முறையைப் போலச் செய்கின்றது, கிட்ச் அதன் விளைவை மட்டும் போலச் செய்கின்றது. முன்னது பார்ப்பவரின் உழைப்பைக் கேட்கும். பின்னது உழைப்பை முன்கூட்டியே செரித்து ஊட்டிவிடும்.

அதே கட்டுரையில் ஓரிடத்தில் இந்தியர் வருகின்றனர் என்பதைக் கவனிப்பவர் குறைவு. மேற்கத்தியத் தொழில்மயத்தின் விளைபொருளான கிட்ச் உலகெங்கும் வெற்றியுலா போகின்றது, ஒன்றன்பின் ஒன்றாகக் காலனி நாடுகளின் மண்சார்ந்த பண்பாடுகளை நெருக்கித் தள்ளுகின்றது என்று சொல்லிவரும் கிரீன்பெர்க், சீனர், தென்னமெரிக்கப் பழங்குடியினர், பாலினீசியர் ஆகியோரோடு ‘இந்து’வையும் சேர்த்துக்கொள்கின்றார். இவர்களெல்லாம் தத்தம் நாட்டுக் கலையைவிட இதழ்களின் அட்டைப்படங்களையும் காலண்டர் அழகிகளையும் விரும்பத் தொடங்கிவிட்டனர் என்பது அவருடைய வருத்தம். ஒரே ஒரு வாக்கியந்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் அடைக்கப்பட்ட ‘இந்து’ அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார், ஏன் மாட்டியிருந்தார் என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் அதன் மையக் கோட்பாடே சற்று ஆட்டம் கண்டிருக்கும்.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். ‘அவான்கார்ட்’ என்பது பிரெஞ்சுப் படைத்துறைச் சொல். பெரும்படைக்கு முன்னால் செல்லும் தூசிப்படை. ‘கிட்ச்’ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரத்து ஓவியச் சந்தையில் புழங்கத் தொடங்கிய ஜெர்மானியச் சொல். மலிவாக, அவசரமாக, விற்பனைக்கென்றே தீட்டப்பட்ட படங்களை அது குறித்தது. ஒன்று போர்க்களத்திலிருந்தும் மற்றொன்று கடைத்தெருவிலிருந்தும் வந்தன. தமிழில் முன்னதற்கு ‘முன்னோடிக் கலை’, ‘சோதனைக் கலை’ என்றெல்லாம் எழுதிப் பார்த்திருக்கின்றோம். பின்னதற்கு ‘மலினக் கலை’, ‘நசிவுக் கலை’, ‘வணிகக் கலை’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஆளுக்கொன்றாக முயன்றிருக்கின்றனர், எதுவும் நிலைக்கவில்லை. காரணம் மொழியின் போதாமை அன்று. அந்த வேலையைச் செய்ய இந்தியாவில் வேறொரு சொல் ஏற்கெனவே இருந்தது. அதுதான் ‘காலண்டர் ஆர்ட்’.

இச்சொல்லின் அமைப்பு விந்தையானது. காலண்டரில் அச்சாகும் ஓவியம் என்பதே அதன் நேர்ப்பொருள். ‘அட்டைப்படம்’, ‘சுவரோவியம்’ என்பன போன்ற, ஊடகத்தைக் குறிக்கும் எளிய பெயர். ஆயினும் ஓவியக் கல்லூரி வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் மாணவரின் படத்தைப் பார்த்து ‘காலண்டர் போல இருக்கின்றது’ என்றால் அங்கே ஊடகம் பேசப்படவில்லை என்பது அனைவருக்கும் தெரியும். ‘நாற்றம்’ என்ற சொல் நறுமணத்தை விட்டுவிட்டுத் துர்மணத்தைப் பற்றிக்கொண்டதைச் சொல்வரலாற்றில் இழிபொருட்பேறு என்பர். ‘காலண்டர் ஓவியம்’ அடைந்ததும் அதே பேறுதான். ஆனால் ‘நாற்றம்’ தாழ்ந்தது பல நூற்றாண்டுப் பொதுவழக்கில். இதைத் தாழ்த்தியவர்கள் கலைக்கல்வி பெற்ற ஒரு சிறு வட்டத்தினர். காலண்டரை ஆணியில் மாட்டும் கோடிக்கணக்கானோரின் வாயில் அச்சொல் இன்றும் வசையாகவில்லை. ஒரே சொல் இரு வர்க்கங்களிடையே இரு பொருளோடு வழங்குகின்றது. இந்தப் பிளவே இங்குப் பேசுபொருள்.

வரலாறு ஓரளவு அறியப்பட்டதே. 1878 வாக்கிலேயே கல்கத்தாவிலும் புனேயிலும் கடவுளர் படங்களைக் கல்லச்சில் எடுக்கும் அச்சகங்கள் தோன்றிவிட்டன. திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக இருந்த த. மாதவ ராவ், ரவி வர்மாவின் ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக எடுத்துப் பரப்பலாம் என்று 1880களில் யோசனை சொன்னார். ரவி வர்மா 1894இல் பம்பாயில் தாமே அச்சகம் தொடங்கினார். இயந்திரங்களும் தொழில்நுட்பரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். பின்னர் அச்சகம் லோனாவாலா அருகிலுள்ள மளவலிக்கு இடம்பெயர்ந்து, கடனில் மூழ்கி, ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் ஃபால்கே சில காலம் அங்கே தொழில் பார்த்தவர் என்பதையும் நினைவிற்கொள்ளலாம். லட்சுமியும் சரசுவதியும் இன்று நம் மனக்கண்ணில் எப்படித் தோன்றுகின்றனரோ, அதில் பெரும்பகுதி அந்தக் கற்களிலிருந்து வந்தது.

ஒரு கல்லச்சுப் படம் அன்று செய்த காரியத்தை அழகியல் அளவுகோலால் மட்டும் அளந்துவிட முடியாது. 1894இல் இந்நாட்டின் பெரும்பான்மைச் சாதிகள் பலவற்றுக்குப் பெருங்கோயில்களின் கருவறை எட்டாத தொலைவு. சிலருக்குக் கோயில் தெருவே எட்டாத தொலைவு. ரவி வர்மா பிறந்த திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். அதற்கு முன்பே சில அணாக்களுக்குத் தெய்வம் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. பூசகரின் இடையீடு இல்லாமல், திரை போடப்படாமல், நாள் முழுதும் நேருக்கு நேர். முன்பு அரசரின் மாளிகையில் மட்டும் இருந்த எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பும் கூடவே வந்தது. ‘விளைவை மட்டும் போலச் செய்வது’ என்று கிரீன்பெர்க் இகழ்வாரே, அந்த விளைவு யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்ற கேள்வி இங்கே முதலில் வருகின்றது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை. அச்சிட்ட லட்சுமி எப்படிப்பட்டவள்? வெளிறிய நிறம், உயர்குடி நகை, ஒரே வகைப் புடவைக்கட்டு, நாடக மேடையின் திரை போன்ற பின்புலம். ஊருக்கு ஊர் வேறுபட்ட, பல்லைக் கடித்து நாக்கை நீட்டிய, உருவமே இல்லாமல் கல்லாகவும் சூலமாகவும் நின்ற தெய்வங்கள் பலவற்றின் மேல் அந்த ஒரே முகம் மெல்லப் படர்ந்தது. வீட்டுக்கு வந்த தெய்வம், வருவதற்கு முன் மேற்சாதி உடுப்பை உடுத்திக்கொண்டே வந்தது. மண்சார்ந்த உருவங்கள் நெருக்கித் தள்ளப்படுகின்றன என்ற கிரீன்பெர்க்கின் வாக்கியம் இவ்விடத்தில் பொய்யில்லை. ஆனால் தள்ளியது நியூயார்க் இதழின் அட்டைப்படம் அன்று. உள்ளூர்ப் படிநிலையே அச்சு இயந்திரத்தின் மேல் ஏறி அமர்ந்துகொண்டது.

ரவி வர்மாவை முதலில் ‘கிட்ச்’ என்னும் பொருள்பட இகழ்ந்தவர்கள் மேனாட்டு முன்னணிக் கலைஞர்கள் அல்லர். சுதேசியத்தின் கலைப் பிரிவினர். ஆனந்த குமாரசாமி அவரிடம் நாடகத்தனத்தையும் கற்பனை வறட்சியையும் கண்டார். நிவேதிதையின் தீர்ப்பும் கடுமையானது. இந்தியத் தன்மை என்பது முகலாயச் சிற்றோவியத்திலும் அஜந்தாவிலும் ஜப்பானிய நீர்வண்ணக் கழுவலிலும் தேடப்பட்டது. 1905 வாக்கில் அவனீந்திரநாத் தாகூர் தீட்டிய ‘பாரத மாதா’ அத்தேடலின் உச்சம்: காவி உடுத்த, நான்கு கைகளில் ஏடும் நெற்கதிரும் துணியும் செபமாலையும் ஏந்திய, மங்கிய ஒளியில் நிற்கும் துறவிப் பெண்.

இங்கேதான் வரலாறு தன் குறும்பைக் காட்டுகின்றது. அந்தப் படத்தைப் பார்த்துப் பரவசமடைந்த நிவேதிதை எழுதியது என்ன? தம்மால் முடிந்தால் அதைப் பல்லாயிரக்கணக்கில் அச்சிட்டு, கேதார்நாத்திலிருந்து கன்னியாகுமரி வரை எந்த உழவரின் குடிசையும் கைவினைஞரின் வீடும் விடுபடாமல் சுவர்தோறும் மாட்டச்செய்வேன் என்பதே. அதாவது, ரவி வர்மாவின் ஓவியத்தை இகழ்ந்துகொண்டே அவருடைய அச்சகத்தின் வேலையை விரும்பினார். அவருடைய விருப்பம் நிறைவேறவும் செய்தது. ஆனால் அவர் நினைத்தவாறு அன்று. கேதார்நாத்திலிருந்து கன்னியாகுமரி வரை குடிசைகளை அடைந்த பாரத மாதா அவனீந்திரநாத்தின் மெலிந்த துறவிப் பெண் அல்லள். சிங்கத்தின் அருகே கொடி பிடித்து, நாட்டு வரைபடத்தின் மேல் நிற்கும், நகை பூண்ட, ரவி வர்மாவின் லட்சுமிக்குத் தங்கை போன்றவள். மங்கிய நீர்வண்ணம் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவருக்கு எதையும் தராது; வழிபாட்டுக்கோ ஊர்வலத்துக்கோ அது பயன்படாது. முன்னணிக் கலை ஓர் உருவத்தைக் கண்டுபிடிக்க, கடைத்தெரு அதை எடுத்து உடல் கொடுத்தது. இதில் யார் யாரைப் போலச் செய்தார் என்று தீர்ப்பளிக்க கிரீன்பெர்க்கின் சட்டகத்தில் இடமில்லை.

காளிகாட் படங்களின் கதை இன்னும் கூர்மையானது. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவின் காளி கோயிலைச் சுற்றியிருந்த கடைகளில், யாத்திரிகர் வாங்கிச் செல்வதற்காகப் பட்டுவாக்கள் ஆலைத்தாளில் விரைந்து தீட்டி மிகச் சொற்ப விலைக்கு விற்ற படங்கள் அவை. குடும்பமே வரிசையாக அமர்ந்து ஒருவர் கோடு போட, மற்றவர் வண்ணம் நிரப்பும் உற்பத்தி. ஒரே படம் நூற்றுக்கணக்கில். விற்பனைக்கென்றே செய்தது, அவசரத்தில் செய்தது, சுற்றுலா நினைவுப்பொருள்: மியூனிக் வணிகரிடம் காட்டியிருந்தால் ‘கிட்ச்’ என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார். பிறகு அவற்றினும் மலிவான வண்ணக் கல்லச்சுப் படங்கள், ஜெர்மனியில் அச்சானவை உட்பட, சந்தையை நிறைத்தன. 1930 வாக்கில் காளிகாட் மரபு ஏறத்தாழ முடிந்துபோனது. முடிந்த பிறகு நடந்ததுதான் கவனத்துக்குரியது. 1953இல் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். அந்தத் தடித்த கோடுகளும் உருண்ட வடிவங்களும் ஃபெர்னாண் லெஜேயை நினைவூட்டுவதாகப் பேசப்பட்டது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவை இன்று பெருந்தொகுப்பு. யாத்திரிகர் மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டு போன தாள்கள் நவீனத்துவத்தின் மூதாதையராயின.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர இடமுண்டு. உயிரோடு இருக்கும்வரை ‘கிட்ச்’ என்றும், செத்த பிறகு ‘நாட்டார் கலை’ என்றும் அழைக்கப்படும் பொருள்கள் பல உள்ளன. பெயரை மாற்றுவது பொருளின் தன்மை அன்று. அது இன்னும் யாருக்கேனும் பயன்படுகின்றதா என்பதே. பயன் நின்றுபோனால் மட்டுமே படித்தவர்களின் கண் அதைக் கலையாகக் காணத் துணிகின்றது. யாமினி ராய் இதை ஓரளவு உணர்ந்தவர் எனலாம். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயின்று தேர்ந்த அவர், அதை விட்டுவிட்டுப் பட்டுவாக்களின் கோட்டுக்கும் மண்வண்ணங்களுக்கும் திரும்பியது மட்டும் பெரிதன்று. ஒரே படத்தைப் பலமுறை எடுத்தார். பட்டறை வைத்துப் பிறர் கையாலும் எடுக்கச் செய்தார். குறைந்த விலைக்கு விற்றார். ‘ஒரே ஒரு மூலம்’ என்ற நவீன ஓவியத்தின் புனிதத்தையே அவர் பொருட்படுத்தவில்லை. அந்தத் துணிவை மறந்துவிட்டு, எது அவர் கைபட்டது, எது பட்டறையினுடையது என்று பூதக்கண்ணாடியால் பிரித்துக்கொண்டிருக்கின்றது இன்றைய ஏலச் சந்தை.

கிரீன்பெர்க்கின் வாதத்தில் கிட்ச் என்பது வாங்கப்படும் சரக்கு. நகரத்துக்கு வந்து எழுத்தறிவு பெற்றும் ஓய்வு பெறாத மக்கள் தம் சலிப்பைப் போக்கக் காசு கொடுத்து வாங்குவது. இந்தியக் காலண்டரை அப்படி யாரும் வாங்குவதில்லை என்ற எளிய உண்மையைக் காஜ்ரி ஜெயின் தம் 2007ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். அது கொடுக்கப்படுவது. நகைக்கடையோ உரக்கடையோ ஆண்டுத் தொடக்கத்திலோ தீபாவளியிலோ தன் வாடிக்கையாளருக்கு அதைக் கொடுக்கின்றது. சிவகாசி அச்சகங்களின் மாதிரி ஆல்பங்களைச் சுமந்து முகவர்கள் நாடு முழுவதும் அலைகின்றனர். கடைக்காரர் தமக்கு வேண்டிய தெய்வத்தைத் தேர்ந்து கீழே தம் கடைப்பெயரை அச்சிடச் சொல்கின்றார். நன்றியும் விளம்பரமும் அருளும் ஒரே தாளில் கலந்துள்ளன. ஆண்டு முடிந்தபின் தேதித்தாள் போய்விடும், படம் போகாது. அதைக் குப்பையில் எறிய யாருக்கும் மனம் வராது. சட்டமிட்டு மாட்டுவர், அல்லது மரத்தடியில் வைப்பர், அல்லது ஆற்றில் விடுவர். சலிப்பைப் போக்க வாங்கிய சரக்கை எவரும் ஆற்றில் விடுவதில்லை.

அந்தப் படங்களைத் தீட்டியவர்களும் கலை வரலாற்றுக்கு வெளியே நின்ற பெயரற்ற கூலிகள் அல்லர். கோவில்பட்டியில் இருந்துகொண்டு பல மாணவரை உருவாக்கிய சி. கொண்டையராஜு (1898–1976) சென்னைக் கலைப் பள்ளியில் பயின்றவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். நவீன ஓவியர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் இவ்வளவு இருந்தால் அது ‘பரிணாமம்’ எனப்படும். இவருடைய பெயரோ இந்திய ஓவிய வரலாற்று நூல்கள் பலவற்றின் பெயரடைவில்கூட இல்லை.

இவ்வளவு சொன்னதும் கைதட்டத் தயாராக ஒரு கூட்டம் இருக்கின்றது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களில் காற்று திசைமாறிவிட்டது. ‘வெகுமக்கள் பண்பாடு’ மதிப்பு மிக்க ஆய்வுத் தலைப்பு. லாரிகளின் பின்புற வாசகம், திரைப்படச் சுவரொட்டி, தீப்பெட்டிப் படம் எல்லாவற்றுக்கும் கருத்தரங்கு உண்டு. இகழ்ச்சி போய் ஆராதனை வந்திருக்கின்றது. ஆனால் இரண்டிலும் மாறாத ஒன்று உண்டு: பார்ப்பவர் நிற்கும் உயரம். காலண்டரை இகழ்ந்தவர் அதை மேலிருந்து பார்த்தார். இன்று அதைக் கொண்டாடுபவரும் மேலிருந்தே பார்க்கின்றார். தில்லியின் விலையுயர்ந்த கைவினைக் கடையில் ரவி வர்மாவின் லட்சுமி அச்சிட்ட தேநீர்க் கோப்பை விற்கப்படுகின்றது. அதை வாங்குபவர் அவளை வணங்குவதில்லை. ‘இதை ரசிக்கத் தெரிந்த நான்’ என்ற தம் உருவத்தை வணங்குகின்றார். தம் வீட்டுச் சுவரில் அதே படம் பொட்டு வைக்கப்பட்டு இருப்பதைச் சொல்லக் கூசும் முதல் தலைமுறை மாணவர், அதே படத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அதே வகுப்பில் படித்துக் குறிப்பெடுக்கின்றார். இந்தக் கூச்சத்தை எந்தக் கோட்பாட்டு நூலும் இன்னும் தீர்த்துவைக்கவில்லை.

கொண்டாட்டத்தில் இன்னொரு பிழையும் உண்டு. வெகுமக்கள் உருவம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. மிலன் குந்தேரா தம் 1984ஆம் ஆண்டு நாவலில் கிட்ச்சுக்கு இரண்டு கண்ணீர்த் துளிகளைச் சொல்கின்றார். புல்வெளியில் ஓடும் குழந்தைகளைக் கண்டு நெகிழ்வது முதல் துளி. மனிதகுலம் முழுவதோடும் சேர்ந்து இப்படி நெகிழ முடிகின்றதே என்று தன்னைக் கண்டே நெகிழ்வது இரண்டாம் துளி, அதுவே கிட்ச். செக்கோஸ்லோவாக்கியாவின் மே தின ஊர்வலங்களைக் கண்டவர் எழுதியது அது. உடன்படாதவருக்கு அந்த ஊர்வலத்தில் இடமில்லை என்பதே அவருடைய அச்சம். இந்த அளவுகோல் கிரீன்பெர்க்கினதைவிட இந்தியாவுக்குப் பொருந்தும். ஒரு கிழவி விளக்கேற்றிவைத்து, மகனின் காய்ச்சல் குணமாக வேண்டும் என்று காலண்டர் முருகனிடம் கேட்கின்றாள். அங்கே இரண்டாம் துளி இல்லை. கேட்டது கிடைக்காமலும் போகலாம் என்ற அச்சம் இருக்கின்றது. அதே முருகன் ஒரு கூட்டத்தின் பதாகையில் ஏறி, ‘நாம் அனைவரும்’ என்று சொல்லத் தொடங்கும்போது இரண்டாம் துளி சொட்டுகின்றது. தாள் அதே, வண்ணம் அதே. மாறியது படம் பார்வையாளரிடம் செய்யும் வேலை.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2015இல் காசர்கோட்டைச் சேர்ந்த வரைகலைஞர் கரண் ஆச்சார்யா தம் ஊர் இளைஞர்களின் கொடிக்காக வரைந்த அனுமன் முகம், பெங்களூரின் கார் கண்ணாடிகளிலிருந்து நாடு முழுவதும் பரவியது. காவியும் கறுப்பும் மட்டும். நிழல் இல்லை, பின்புலம் இல்லை, கதை இல்லை, நகை இல்லை. உருவ அளவில் பார்த்தால் தட்டையான தளம், குறைந்த வண்ணம், கூரிய விளிம்பு என நவீனத்துவம் ஒரு நூற்றாண்டாகக் கற்றுத்தந்த அனைத்தும் அதில் இருக்கின்றன. ரவி வர்மாவின் பளபளப்பான அனுமனைவிடக் கிரீன்பெர்க்கின் இலக்கணத்துக்கு இது எவ்வளவோ நெருக்கம். எனினும் காலண்டர் அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்தான், இராமனின் காலடியில் பணிந்தான், நெஞ்சைப் பிளந்து காட்டினான். ஏதோ ஒரு செயலில், ஏதோ ஓர் உறவில் இருந்தான். இந்த முகம் யாரோடும் உறவில் இல்லை. பின்னால் வரும் வண்டியை முறைக்கின்றது. வரைந்தவர் தாம் சினத்தைத் தீட்டவில்லை, மிடுக்கைத்தான் தீட்டினேன் என்று விளக்கினார். அதை நம்பாதிருக்கக் காரணமில்லை. ஆனால் ஓர் உருவம் கைமாறும்போது வரைந்தவரின் விளக்கம் கூடவே போவதில்லை. முன்னணிக் கலையின் உருவ மொழி கிட்ச்சுக்கு எதிரான தடுப்பூசி என்று 1939இல் நம்ப முடிந்தது. இன்று அந்த மொழியே ஒட்டுவில்லையாகக் கிடைக்கின்றது.

அந்தக் கட்டுரையைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. எழுத்தறிவற்ற ரஷ்ய உழவர் ஒருவர் பிக்காசோவையும் ரேப்பினையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாகக் கற்பனை செய்து, ரேப்பினின் போர்க்களக் காட்சி ஒன்றை கிரீன்பெர்க் அதில் விவரிக்கின்றார். ரேப்பின் போர்க்களக் காட்சி எதையும் தீட்டியதில்லை என்பதைப் பிற்காலத்தில் அறிந்து, 1972இல் பின்குறிப்பு எழுதித் தம் அறியாமையை ஒப்புக்கொண்டார். நேர்மைதான். ஆனால் கிட்ச்சின் இலக்கணத்தையே நிறுவிய எடுத்துக்காட்டு, பாராத படத்தைப் பற்றியது. இகழப்படும் பொருளை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை என்ற பழக்கம் அவரோடு முடிந்துவிடவில்லை.

உற்றுப் பார்த்த ஒருவர் பூபேன் கக்கர். 1934இல் பம்பாயில் பிறந்த குஜராத்தி. கணக்கியல் படித்துப் பட்டயக் கணக்கர் ஆனவர். 1962இல் பரோடா சென்று நுண்கலைப் புலத்தில் கலை விமர்சனம் பயின்றார். ஓவியராகப் புகழ்பெற்ற பின்னும் நெடுநாள் பகுதிநேரக் கணக்கராகவே இருந்தார். (ரவி வர்மா புராணக் காட்சிகள் பலவற்றைத் தீட்டிக்கொடுத்த அரசவையும் அதே நகரத்தில் இருந்தது என்பதைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை.) 1965இல் அவர் காட்சிக்கு வைத்த ஒட்டோவியங்களில் கடைத்தெருவில் விற்கும் கடவுள் படங்களையே வெட்டி ஒட்டியிருந்தார். அப்போது அதில் கிண்டலின் பங்கு பெரிது. 1972இல் தம் காட்சிக் கையேட்டுக்காக ஜேம்ஸ் பாண்டாகவும் விளம்பர மாடலாகவும் வேடமிட்டுப் படமெடுத்துக்கொண்டதிலும் அந்தக் குறும்பு இருக்கின்றது. மேற்கின் பாப் கலை இதே எல்லையில் நின்றுவிட்டது: கிட்ச்சை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தல்.

கக்கர் அங்கே நிற்கவில்லை என்பதில்தான் அவருடைய முக்கியத்துவம் இருக்கின்றது. அதே 1972 வாக்கில் முடிதிருத்தகம், கடிகாரம் பழுதுபார்க்கும் கடை, கணக்கு எழுத்தர் எனச் சிறுதொழில் செய்வோரை வரையத் தொடங்கினார். பளிச்சென்ற பச்சையும் ரோஜா நிறமும், விறைப்பாக நேர்நோக்கி அமர்ந்த உடல்கள், கடைப்பலகை எழுத்துகள். காலண்டரின் உருவமொழி இப்போது வரையப்படும் பொருள் அன்று, வரையும் முறை. 1975இல் தீட்டிய ‘பிளாஸ்டிக் பூங்கொத்து ஏந்திய மனிதன்’ இப்போது தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. நடுவில் பெரிய உருவமாக ஒரு நடுவயதுக்காரர். சுற்றிலும் சிறுசிறு காட்சிகள். இது யாத்திரைத் தலத்துப் படங்களின் அமைப்பு: நடுவில் மூலவர், சுற்றிலும் திருவிளையாடல். மூலவரின் இடத்தில் இருப்பவருக்கோ திருவிளையாடல் எதுவுமில்லை. கையில் வாடாத, மணக்காத பூக்கள். இப்படத்தைப் பார்த்துச் சிரிக்க முற்படுபவர் பாதியில் நிறுத்திக்கொள்வார். அந்த மனிதர் எதைத் தமக்குரிய அழகென்று பற்றிக்கொண்டாரோ, அதைப் பறிக்காமலேயே அவருடைய தனிமையைக் காட்ட கக்கருக்குத் தெரிந்திருந்தது. இகழ்ச்சியோ ஆராதனையோ இருந்தால் இது சாத்தியமில்லை. நடுத்தர வர்க்கத்தின் ரசனையை அவர் ஆய்வுப்பொருளாகக் காணவில்லை. அது தம்முடைய ரசனையும்தான் என்பதை மறைக்கவில்லை. தம் தற்பால் விருப்பத்தை வெளிப்படையாக ஓவியத்தில் கொண்டுவர அவருக்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ஒரு வெட்கத்தை விட்டவருக்கே அடுத்த வெட்கத்தை விடும் துணிவு வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1981இல் தீட்டிய ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்ற படத்தில், வீட்டு முகப்பில் ஆடையின்றி நிற்கும் ஒருவர் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். ஊருக்குள் கழுதையோடு போகும் அப்பன் மகன் கதை நடக்கின்றது. யார் ஏறினாலும் ஊரார் ஏதாவது சொல்கின்றனர். லண்டனின் டேட் அருங்காட்சியகம் இப்படத்தை வாங்கியது. கக்கர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2016இல், அதன் தலைப்பையே பெயராகக் கொண்டு அங்கே அவருடைய பெருங்காட்சி நடந்தது. அதைப் பார்த்த லண்டன் நாளிதழ் விமர்சகர் ஒருவர், பருத்த உடல்களை வேடிக்கையாக வரைந்து வாழ்த்து அட்டைகளில் புகழ்பெற்ற பெரில் குக் என்னும் ஆங்கிலேய ஓவியருக்குப் பம்பாயின் பதில் இவர் என்று எழுதினார். பெரில் குக்கை இங்கிலாந்தின் சாதாரண மக்கள் விரும்பி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றனர். விமர்சகர் அதை வசையாகத்தான் எழுதினார்.